நாவல் பாத்திரங்களை ஃப்ராய்டின் ஆளுமைக் கோட்பாட்டை வைத்து எப்படி அலசுவது?

சிங்கப்பூரில் தமிழ் இலக்கியம் படிக்கிறீர்கள், தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' நாவலைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும், "இந்துவை இத், பவானியம்மாளை சூப்பர் ஈகோ, அப்புவை ஈகோ என்று பிரித்தால் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. அப்பு வேத பாடசாலையில் படிக்கும் இளைஞன், இந்து அவனை விரும்பும் இளம் விதவை, பவானியம்மாள் அந்தப் பாடசாலையை நடத்துபவர். இத் என்றால் ஆசை, சூப்பர் ஈகோ என்றால் 'கூடாது' என்று தடுக்கும் மனசாட்சி, ஈகோ என்றால் இரண்டுக்கும் நடுவே சமாளிக்கும் பகுதி. இந்த மூன்றையும் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டு 1923-இல் முன்வைத்தது ஒரே மனதுக்குள் நடக்கும் இழுபறியைச் சொல்வதற்காக. ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டால் யாருக்குள்ளும் போராட்டமே மிச்சமிருக்காது. இந்துவுக்கும் மனசாட்சி உண்டு, பவானியம்மாளுக்கும் ஆசை உண்டு இல்லையா?

நான் நாவலைப் படிக்கும்போது முதலில் தேடுவது, ஒரு பாத்திரம் சொல்வதும் செய்வதும் எங்கே ஒட்டவில்லை என்பதைத்தான். இந்த நாவலில் அதற்கு அப்புவின் அம்மா அலங்காரத்தம்மாளை விடச் சிறந்த இடம் கிடையாது. கணவர் அல்லாத சிவசுவுடன் உறவு இருக்கிறது, அது தப்பு என்ற உறுத்தலும் இருக்கிறது, ஆனால் அவள் உறவை விடுவதில்லை. அதற்குப் பதிலாக தன் பிள்ளை அப்புவைக் காவிரிக் கரை வேத பாடசாலைக்கு அனுப்பி, அவன் ரிஷி மாதிரி ஆனால் தன் பாவம் தீரும் என்று நம்புகிறாள். செய்துவிட்ட ஒன்றை இன்னொரு செயலால் இல்லாமல் ஆக்கப் பார்க்கும் இந்தத் தற்காப்பைப் பற்றி ஃப்ராய்டு 1926-இல் எழுதியிருக்கிறார். ஆசை, குற்ற உணர்வு, இரண்டுக்கும் நடுவே ஈகோ செய்துகொள்ளும் சமரசம், மூன்றும் அந்த ஒரு பெண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. அந்தச் சமரசத்துக்கு விலை கொடுப்பவன் அப்பு, அதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம். கடைசியில் பாடசாலைக்கு வந்து அவனைப் பார்த்துவிட்டு அவள் காசிக்குப் போவதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். மகன் வழியாகத் தீராததை இப்போது தானே தீர்க்கப் போகிறாள்.

அவள் கணவர் தண்டபாணி எல்லாம் தெரிந்தும் பேசாமல் இருப்பவர். வேதாந்தமும் ஜாதகமும் அவருக்கு ஞானமா, வலியைத் தள்ளி வைக்கும் வழியா என்று கேட்டுப் பாருங்கள். இதற்கு ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்டு 1936-இல் தற்காப்பு முறைகள் பற்றி எழுதிய நூல் ரொம்ப உதவும், அப்பாவின் நூல்களை விட எளிதாகவும் இருக்கும்.

அப்பு என்றதும் எல்லோரும் ஈடிபஸ் சிக்கலுக்கு, அதாவது மகனுக்குத் தாய் மீது உள்ளுக்குள் இருக்கும் ஆசைக்கும் தந்தை மீதான போட்டிக்கும் ஓடுவார்கள். அதற்கு இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் அவனுடைய சூப்பர் ஈகோ எதனால் ஆனது என்று பாருங்கள். சிங்கப்பூரின் தெம்பனிஸ் அடுக்குமாடி வீட்டிலிருந்து படிக்கும் நமக்கு, இந்துவை அவன் விலக்குவது வெறும் கூச்சமாகத் தெரியலாம். இளம் விதவைக்கு மறுமணம் என்ற பேச்சே இல்லாத அக்ரகார வழக்கமும், சிறு வயதிலிருந்தே அவன் காதில் விழுந்த வேதமும் ஆசாரமும் சேர்ந்துதான் அவனுக்குள் 'கூடாது' என்று சொல்கின்றன. அந்த விதிகளைத் தெரிந்துகொள்ளாமல் அவன் ஆசையை அடக்கினான் என்று மட்டும் எழுதினால், அது எந்த ஊர் இளைஞனுக்கும் பொருந்திவிடும்.

அப்புறம், நாவலில் எழுதப்படாத குழந்தைப் பருவத்தை நீங்களே கற்பித்து எழுதாதீர்கள். நோயாளி என்றால் திரும்பக் கேட்கலாம், பாத்திரத்திடம் முடியாது. 1907-இல் ஃப்ராய்டே ஜெர்மன் எழுத்தாளர் யென்சனின் 'கிராடிவா' கதையை அலசினார், அங்கே அவர் பிடித்துக்கொண்டது கதையில் எழுதியிருந்த கனவுகளையும் பிரமைகளையும்தான். நீங்களும் ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு காட்சியையோ வசனத்தையோ காட்டுங்கள், காட்ட முடியாததை வெட்டிவிடுங்கள்.

கட்டுரையை அலங்காரத்தம்மாளில் தொடங்கினால் தண்டபாணியும் அப்புவும் தாமாகவே பின்னால் வருவார்கள், ஈடிபஸுக்கு ஒரு பத்தி போதும்.