அம்மாவின் விசாரம்

கேள்வி: ஊரில் தனியாக இருக்கும் என் அம்மா (வயது 68) தினமும் போனில் "மனசு விசாரமாகவே இருக்கிறது" என்கிறார். கவலைப்படாதீர்கள் என்று எத்தனை முறை சொல்லியும் பயனில்லை. பணத்துக்குக் குறை வைக்கவில்லை. மாதம் பிறந்தால் அனுப்பிவிடுகிறேன். கண்புரை அறுவைக்கு இரண்டு முறை தேதி கொடுத்தும் போகாமல் இருந்துவிட்டார். இது பதற்ற நோய் என்கிறார் நண்பர். மனநல மருத்துவரிடம் காட்டலாமா?
- வாசகர், சென்னை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த ஒரு வரி, கண்புரை. அம்மாவின் பிடிவாதத்துக்குச் சாட்சி போல அதை எழுதிவிட்டு நண்பர் சொன்னதற்குத் தாவிவிட்டீர்கள்.

தேதி கொடுக்கும்போதே "கூட யார் வருவார்கள்?" என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். அதற்கு அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்? அறுவை சீக்கிரம் முடிந்துவிடும். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பாடு அதற்கப்புறம்தான். வாரக்கணக்கில் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும். கொஞ்ச நாளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, குனிந்து குடம் தூக்கக் கூடாது, அடுப்புப் புகை ஆகாது. ஒண்டியாக இருப்பவர் எதை நம்பிப் போய்ப் படுப்பார்? அந்த இரண்டு தேதிகளிலும் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று எழுதவே இல்லையே!

விசாரம் என்பதற்கு ஆராய்ச்சி என்றும் அகராதியில் பொருள் உண்டு. மகனிடம் கேட்கலாமா, லீவு கிடைக்குமா, மருமகள் முகம் சுளிப்பாளா என்று ஒன்றையே மனத்துக்குள் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறார் அவர். நீங்களோ "கவலைப்படாதீர்கள்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறீர்கள். பெற்றவள் வாய்விட்டுக் கேட்கட்டும் என்று காத்திருக்கிற பிள்ளையை எனக்குப் பிடிப்பதில்லை. மாதம் பிறந்தால் வீட்டுக்காரருக்கும்தான் வாடகை கொடுக்கிறோம்.

முதலில் லீவு போடுங்கள். போட்ட பிறகு அம்மாவுக்குப் பேசுங்கள். "முயற்சி செய்கிறேன்" என்று இழுக்க வேண்டாம். மனைவியை அனுப்பி ஒப்பேற்றவும் வேண்டாம். முதல் வாரம் சொட்டு மருந்தை நீங்களே விடுங்கள், பிறகு அவரைச் சென்னைக்கு அழைத்து வந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கமின்மையும் படபடப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் காணோம். கண் தெளிந்த பிறகும் அம்மா விசாரம் என்று சொன்னால் எழுதுங்கள், அப்போது அதைப் பேசலாம்.