முதல் வகுப்பில் படுத்துக்கொண்டே போனால் காலில் ரத்தம் உறையாதா?

கேள்வி: வயது 66. கும்பகோணம். இரண்டரை மாதத்துக்கு முன் வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. இடது காலில் நரம்புச் சுருட்டல். மகன் துபாய் வழியாக நியூயார்க்குக்கு முதல் வகுப்பில் டிக்கெட் போட்டிருக்கிறான். படுத்தே போகலாம், ரத்தக் கட்டு வராது என்கிறான். சரிதானா?

பதில்: பாதி சரி அம்மா. காலை நீட்டிப் படுத்தால் முழங்கால் மடங்காது, பாதத்தில் ரத்தம் தேங்குவதும் குறையும். ஆனால் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால்தான் ரத்தம் நன்றாக மேலேறும். துபாயிலிருந்து நியூயார்க் சுமார் 14 மணி நேரம். மெத்தை கிடைத்ததும் எட்டு மணி நேரம் அசையாமல் தூங்கிவிட்டால், விலை உயர்ந்த இருக்கையிலும் ரத்தம் கட்டலாம். தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம்.

விழித்திருக்கும்போது அரை மணிக்கொரு தரம் பாதத்தை மேலும் கீழும் 20 முறை அசையுங்கள். இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள். கால் வைக்கும் மேடையின் விளிம்பு கெண்டைக்காலை அழுத்தக் கூடாது. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். முதல் வகுப்பில் அது பக்கத்திலேயே இருக்கும், போய்வருவதும் நடைதான்.

உங்கள் பயணம் கும்பகோணத்திலேயே தொடங்கிவிடுகிறது. சென்னை விமான நிலையத்துக்குக் காரில் ஆறேழு மணி நேரம், அதுவும் காலை மடக்கியபடி. ஒன்றரை மணிக்கொரு தரம் வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் நடங்கள். முந்தின நாளே போய்த் தங்கினால் இன்னும் நல்லது.

முழங்காலுக்குக் கீழ் வரும் அழுத்தக் காலுறை வாங்குங்கள். கணுக்காலில் 15 முதல் 30 எம்எம் (பாதரச அளவு) அழுத்தம் தருவது போதும். காலையில் வீக்கம் ஏறுமுன் கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து வாங்க வேண்டும். மேல் விளிம்பு சுருண்டால் கயிறு கட்டியது போல் இறுக்கி, ரத்தம் மேலேறுவதையே தடுக்கும். நெடுநாள் சர்க்கரை நோயோ, கால் தமனியில் அடைப்போ இருந்தால் மருத்துவரிடம் காட்டாமல் போடாதீர்கள்.

இதையெல்லாம்விட முக்கியம், ஆபரேஷன் செய்த மருத்துவரை முன்கூட்டியே பார்ப்பது. மூட்டு மாற்றிய முதல் மூன்று மாதம் ரத்தக் கட்டுக்கு வாய்ப்பு கூடுதல். வயதும் நரம்புச் சுருட்டலும் அதோடு சேர்கின்றன. பயணத்தைச் சில வாரம் தள்ள முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசி தேவையா என்பதை எடையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவும் பார்த்து அவர் முடிவு செய்வார். நீங்களாக ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். இதற்கு அதை நம்ப முடியாது.

போய்ச் சேர்ந்த பிறகும் சில வாரம் கவனியுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். திடீர் மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் மகனை உடனே அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.