உதவி கேட்டால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களா? – குடும்ப ஆதரவு குறித்த கேள்வி பதில்

சென்னையில் குழந்தைப் பாதுகாப்புப் பணியில் இருக்கும் சமூகப் பணியாளர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (வியாசர்பாடி, இரு பிள்ளைகளின் தாய்): கணவரின் குடியால் வரும் ஆத்திரத்தில் நான் பிள்ளைகளை அடித்துவிடுகிறேன். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்தால் பிள்ளைகளை இல்லத்தில் சேர்த்துவிடுவார்களா?

பதில்: அம்மா, பலரும் உதவி கேட்கத் தயங்குவது இந்த அச்சத்தால்தான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். குழந்தையை வளர்க்கும் முதற்பொறுப்பு குடும்பத்துக்கே உரியது என்றும், வேறு வழியே இல்லாதபோதுதான் இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்றும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தன் அடிப்படைக் கோட்பாடுகளிலேயே கூறுகிறது. பிள்ளையைப் பிரிக்கும் முடிவைத் தொலைபேசியில் பேசுபவரோ வீட்டுக்கு வரும் பணியாளரோ எடுக்க முடியாது. அது குழந்தைகள் நலக் குழு விசாரித்து எடுக்க வேண்டிய முடிவு. குழந்தையின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருந்தால் குழு தலையிடும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அந்த நிலை வருவதற்கு முன்பே நீங்கள் கேட்டிருப்பதால் உங்களுக்கு வழிகள் பல இருக்கின்றன. ஆத்திரம் எல்லை மீறும் நேரத்தில் 14416 என்ற எண்ணில் அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸ் ஆலோசகருடன் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். கணவரின் குடிக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் சிகிச்சை கிடைக்கும். அவர் உங்களை அடிப்பவராக இருந்தால் பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழையுங்கள்.

கேள்வி (பெரும்பாக்கம், தாத்தா): மகன் இறந்துவிட்டான். மருமகள் மூன்று வயதுப் பேரனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறாள். புகார் செய்யலாமா?

பதில்: ஐயா, அடுப்பும் மின்பிளக்கும் உள்ள வீட்டில் மூன்று வயதுப் பிள்ளையைத் தனியே பூட்டிவைப்பது ஆபத்து, அதை நாளையே நிறுத்த வேண்டும். ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததே இங்கே காரணம் என்பதால், புகாரைவிட அருகிலுள்ள அங்கன்வாடியில் அவனைச் சேர்ப்பதும், மையம் மூடிய பிறகு அவள் திரும்பும்வரை உங்களைப் போன்ற ஒருவர் பார்த்துக்கொள்வதும் பயன் தரும். கணவனை இழந்த தாயின் பிள்ளை என்பதால், மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் கீழ் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். நகரங்களில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மாதம் 8,000 ரூபாய் என்ற இந்த வரம்பு சென்னையின் வாடகைக்கும் விலைவாசிக்கும் சற்றும் பொருந்தாதது என்பதே என் கருத்து.

கேள்வி (மடிப்பாக்கம்): ஒன்றரை மாதக் குழந்தை இரவெல்லாம் அழுகிறது. எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

பதில்: இந்த வயதில் அழுகை உச்சத்தில் இருப்பது இயல்பு. பசியோ காய்ச்சலோ இல்லையென்று பார்த்தபின், குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, சில நிமிடங்கள் அடுத்த அறைக்குப் போய் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். எக்காரணம் கொண்டும் குழந்தையைப் பிடித்துக் குலுக்காதீர்கள். மூளைக்குள் இரத்தம் கசியும்.

கேள்வி (தண்டையார்பேட்டை, ஆசிரியை): சித்தப்பா தவறாகத் தொடுகிறார் என்று மாணவி சொல்கிறாள். ஆலோசனை போதும், போலீஸ் வேண்டாம் என்கிறது குடும்பம்.

பதில்: விருப்பத்தின் பேரிலான உதவி இந்த இடத்தில் போதாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது குற்றம். சிறுமியின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலேயே, சீருடை அணியாத அதிகாரி பதிவு செய்யலாம் என்பதைக் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் அவளை மீண்டும் மீண்டும் கேள்வி கேட்க வேண்டாம்.

கேள்வி (அடையாறு, தன்னார்வலர்): வீடு தேடிப்போய்த் தாய்மார்களுடன் பேசுவதால் உண்மையில் பயன் உண்டா?

பதில்: உண்டு. அமெரிக்காவின் எல்மைரா நகரில் 1970களின் இறுதியில் டேவிட் ஓல்ட்ஸ் குழுவினர், முதல்முறை கருவுற்ற பெண்களின் வீடுகளுக்குக் குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை செவிலியர்களை அனுப்பினர். பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்தக் குடும்பங்களில் குழந்தைக் கொடுமையும் புறக்கணிப்பும் குறைவாக இருந்தன. எனினும் குடும்ப வன்முறை அடிக்கடி நடந்த வீடுகளில் அந்தப் பயன் தெரியவில்லை. ஆகவே நீங்கள் போகும் வீட்டில், கணவரோ மாமியாரோ அருகில் இல்லாத நேரம் பார்த்து, அந்தப் பெண் அடி வாங்குகிறாளா என்பதை முதலில் கேளுங்கள்.