இலவச வகுப்பு சரி, எதில் சேர்வது?

கேள்வி: கோவையில் பி.காம். முடித்து, ஒரு மில்லின் கணக்குப் பிரிவில் ஐந்து வருடம் டேலி மென்பொருளில் வேலை பார்த்தேன். திருமணமாகி கலிபோர்னியா வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மில்பிடாஸில் இருக்கிறோம். கணவரின் வேலை விசாவோடு வரும் எச்-4 விசா. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள், எனக்கும் வேலை அனுமதி அட்டை வந்துவிட்டது. கம்யூனிட்டி காலேஜில் ‘நான்-கிரெடிட்’ வகுப்புகள் முழுக்க இலவசம் என்று தோழி சொல்கிறாள். சும்மா கொடுக்கும் சான்றிதழை யாராவது மதிப்பார்களா? இங்கிலீஷ் புரியும், போனில் பேசத்தான் தயக்கம். அடுத்து அம்மா விசிட்டர் விசாவில் வந்து ஆறு மாதம் தங்கப் போகிறார். அவரையும் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கலாமா?

பதில்: தோழி சொன்னது உண்மைதான். கலிபோர்னியாவின் அரசு கம்யூனிட்டி காலேஜ்களில் நான்-கிரெடிட் வகுப்புகளுக்குக் கட்டணம் கிடையாது. இங்கே எத்தனை வருடமாக வசிக்கிறீர்கள் என்ற கணக்கும் இதற்குத் தேவையில்லை. எச்-4 விசாவில் இருப்பவர் படிக்கத் தனி அனுமதி வேண்டாம், வேலை அட்டை இல்லாதவர்கள்கூடச் சேரலாம். இது கல்லூரியின் தர்ம காரியமும் அல்ல. மாணவர்கள் வகுப்பில் உட்கார்ந்த மணி நேரத்தை எண்ணித்தான் மாநில அரசு கல்லூரிக்குப் பணம் கொடுக்கிறது. 525 மணி நேரம் சேர்ந்தால் ஒரு முழுநேர மாணவர் என்று கணக்கு. ஆசிரியர் ஒவ்வொரு வகுப்பிலும் வருகைப் பதிவை அவ்வளவு கறாராக எடுப்பது இதனால்தான். ஆள் குறைந்த வகுப்பைச் சட்டென்று மூடிவிடுவதற்கும் இதுவே காரணம், அதனால் பெயர் கொடுத்துவிட்டு முதல் வாரம் லீவு போடாதீர்கள்.

சேர்வதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒரே கல்லூரியில் மூன்று வகை வகுப்புகள் நடக்கும். முதலாவது கிரெடிட்: யூனிட்டுக்கு (பாடத்தின் அளவு) 46 டாலர், மதிப்பெண் உண்டு, பட்டத்துக்குக் கணக்காகும். இரண்டாவது நீங்கள் கேட்கும் நான்-கிரெடிட், இது பட்டத்துக்குக் கணக்காகாது. மூன்றாவது, ‘கம்யூனிட்டி எஜுகேஷன்’ என்ற பெயரில் கல்லூரி காசு வாங்கிக்கொண்டு நடத்தும் வகுப்புகள். யோகாவும் இருக்கும், எக்செல்லும் இருக்கும். பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால், இலவசம் என்று நினைத்து மூன்றாவதில் போய்ப் பணம் கட்டிவிட்டு வருகிறவர்கள் நிறைய. வகுப்பு அட்டவணையில் நான்-கிரெடிட் என்று தேர்வு செய்து தேடினால் இந்தத் தொல்லை இல்லை.

மதிப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். சான்றிதழுக்காக மட்டும் யாரும் உங்களை வேலைக்கு எடுக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் காகிதம் வெறும் வருகைச் சான்று அல்ல. குறைந்தது இரண்டு பாடங்கள் சேர்ந்த தொகுப்பை முடித்தால் கல்லூரி முறையான சான்றிதழ் தரும், அது வேலைக்கானது அல்லது மேற்படிப்புக்குத் தயார்ப்படுத்துவது என்று இரண்டு வகை. உங்களுக்கு வேண்டியது வேலைக்கானது. இதில் பெறுவது பெரும்பாலும் பாஸ், ஃபெயில் போன்ற குறிதான். ஏ, பி என்ற கிரேடு பட்டப்படிப்புக்கு வேண்டும் என்றால் கிரெடிட் பக்கம் போக வேண்டும்.

உங்கள் விஷயத்தில் இதை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். கணக்கு உங்களுக்குத் தெரியும். பற்று, வரவு, பேங்க் ரீகன்சிலியேஷன் இதெல்லாம் கோவையில் என்னவோ இங்கேயும் அதேதான். தெரியாதது இந்த ஊர்ச் சட்டமும் இந்த ஊர் மென்பொருளும். இங்கே சிறு கம்பெனியின் கணக்கில் உட்கார்ந்தால் முதல் வாரமே சம்பளப் பட்டியல் வந்து நிற்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் டபிள்யூ-4 படிவம் கொடுப்பார், அதை வைத்து வருமான வரி பிடிக்க வேண்டும். அதோடு சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியத் திட்டத்துக்கு 6.2 சதவீதம், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 சதவீதம் பிடித்து, அதே அளவு கம்பெனியும் போட வேண்டும். உடல்நலக் குறைவால் வேலை செய்ய முடியாத காலத்துக்கான கலிபோர்னியாவின் எஸ்டிஐ காப்பீட்டுப் பிடித்தம் தனி. ஒப்பந்தத்தில் வேலை செய்தவருக்கோ சம்பளப் பட்டியலே கிடையாது, வருடக் கடைசியில் அவருக்குக் கொடுத்த தொகையைக் காட்டும் 1099 படிவம். விற்பனை வரி மாநில அளவில் 7.25 சதவீதத்தில் தொடங்கும், அதன் மேல் ஊருக்கு ஊர் கூடும். ஜி.எஸ்.டி.யில் பொருள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வதுபோல இங்கே கழிக்க முடியாது. டேலியில் கை பழகியவர்கள் இந்த இடத்தில்தான் முதலில் தடுமாறுகிறார்கள்.

அதனால் தேட வேண்டிய வகுப்புகள் இவை: புக்கீப்பிங், குவிக்புக்ஸ் (டேலிபோல இங்குள்ள கணக்கு மென்பொருள்), பேரோல் (சம்பளப் பட்டியல் போடுவது), அப்புறம் எக்செல். குவிக்புக்ஸ் இரண்டு வாரத்தில் பிடிபட்டுவிடும், உங்கள் நேரத்தை பேரோலில் போடுங்கள். எக்செல்லில் தகவலைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளும், ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றில் தேடி எடுப்பதும் தெரிந்திருந்தால் நேர்காணலில் பயமில்லை. கம்பெனி கட்ட வேண்டிய பில்களைப் பார்க்கும் அக்கவுண்ட்ஸ் பேயபிள் வேலைக்குப் போனால் பல இடங்களில் பத்து இன்வாய்ஸை எதிரே வைத்து உள்ளிடச் சொல்வார்கள்.

போனில் பேசும் தயக்கத்துக்கு, பொதுவான இங்கிலீஷ் வகுப்பில் முதல் நிலையில் போய் உட்காராதீர்கள். சேர்வதற்கு முன் நிலை அறியும் தேர்வு வைப்பார்கள், அதை அடக்கத்தோடு எழுத வேண்டியதில்லை. தெரிந்ததைத் தெரியும் என்றே காட்டுங்கள். இல்லையென்றால் ‘திஸ் இஸ் எ பென்’ என்று ஒரு பருவம் போய்விடும். வேலைக்கான இங்கிலீஷ் என்று தனி வகுப்புகள் இருக்கும், அதைக் கேளுங்கள். உங்கள் பகுதிக் கல்லூரியில் இடம் இல்லையென்றால் பள்ளி மாவட்டங்கள் நடத்தும் அடல்ட் ஸ்கூலில் பாருங்கள்.

விண்ணப்பம் சிசிசிஅப்ளை என்ற பொதுத் தளத்தில்தான். அங்கே ‘இன்டர்நேஷனல்’ என்று ஒரு விண்ணப்பம் இருக்கும். விசா என்றவுடன் பலரும் அதை அழுத்திவிடுகிறார்கள், அது எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு. உங்களுக்கானது நான்-கிரெடிட் விண்ணப்பம். பருவம் பெரும்பாலும் ஆகஸ்ட் இறுதியிலும் ஜனவரி இறுதியிலும் தொடங்கும், ஆனால் நான்-கிரெடிட் வகுப்புகளில் சில நடுவிலும் சேர்த்துக்கொள்ளும். கவுன்சிலரைச் சந்திப்பதும் இலவசம். அவரிடம் ‘எந்த வகுப்பு நல்லது?’ என்று கேட்காதீர்கள், எல்லாமே நல்லது என்பார். ‘இதை முடித்தவர்கள் எங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள்? இதே பாடத்துக்கு கிரெடிட் பக்கம் இணையான வகுப்பு உண்டா?’ என்று கேளுங்கள். பல கல்லூரிகளில் ஒரே வகுப்பறை, ஒரே ஆசிரியர். ஒரு சிலர் யூனிட்டுக்காகப் பணம் கட்டியிருப்பார்கள், மற்றவர்கள் கட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டு நான்-கிரெடிட் வகுப்புகள் முடிந்ததும் கிரெடிட்டில் ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங் ஒன்றை எடுங்கள் என்பது என் யோசனை. அந்த 46 டாலர் கட்டணம் கலிபோர்னியா வாசிகளுக்குத்தான். எச்-4 காரர்களும் வாசியாகக் கணக்கில் வரலாம், பருவம் தொடங்கும் முன் ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே இருந்ததற்கான அத்தாட்சிகள் வேண்டும். ஒன்பது வருடம் இருந்தவருக்கு அது பெரிய வேலையில்லை. நான்கு யூனிட் என்றால் 184 டாலர், அத்தோடு சில்லறைக் கட்டணங்கள். அமெரிக்கக் கல்லூரியில் அக்கவுண்டிங்கில் ஒரு கிரேடு இருந்தால், ரெஸ்யூமேயில் அந்த ஒன்பது வருட இடைவெளியைப் பற்றி யாரும் கேட்கும் தொனியே மாறும்.

செலவே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். புத்தகம், பார்க்கிங் சொந்தச் செலவு. நர்சிங் உதவியாளர் பயிற்சிபோல மருத்துவம் சார்ந்த தொழில் என்றால் கைரேகை, சீருடை, மாநிலத் தேர்வுக் கட்டணம் வேறு. கணக்கு வேலையில் இதெல்லாம் இல்லை.

இன்னொரு விஷயம், வேலை அட்டையின் காலாவதித் தேதியைப் பாருங்கள். 2025 அக்டோபர் 30 முதல் போடும் புதுப்பிப்பு விண்ணப்பங்களுக்கு முன்போலத் தானாக நீட்டிப்பு கிடைப்பதில்லை. காலாவதிக்கு 180 நாள் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம், அன்றே போட்டுவிடுங்கள்.

அம்மா விஷயத்தில் மட்டும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பி-2 என்ற விசிட்டர் விசாவில் வந்தவர் படிப்பில் சேரக் கூடாது என்பது குடியேற்ற விதி. கல்லூரியில் விசாவைக் கேட்காமல் சேர்த்துக்கொண்டாலும், அடுத்த முறை விசா அதிகாரி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அம்மாதான். நூலகங்களில் நடக்கும் ஆங்கில உரையாடல் குழுக்களுக்குப் போகலாம், அங்கே பாடத்திட்டமோ பதிவோ இல்லை. பின்னாளில் கிரீன் கார்டில் வந்தால் இங்கிலீஷ் வகுப்பிலும், அதன் பிறகு குடியுரிமைத் தேர்வுக்கான வகுப்பிலும் தாராளமாகச் சேரட்டும், அதுவும் நான்-கிரெடிட்தான்.