பச்சைக் காய்ச்சாறு கசப்பது ஏன்?

கேள்வி: வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று வெள்ளரிக்காய், பாலக்கீரை, புதினா, கொத்தமல்லி ஆகியவற்றை மிக்ஸியில் அரைத்துக் காலையில் குடிக்கிறோம். பச்சை வாடை தூக்கலாக இருப்பதால் பிள்ளைகள் தொடுவதில்லை. சில நாள் கசக்கவும் செய்கிறது. மீதியை ஃப்ரிட்ஜில் வைத்தால் மாலைக்குள் நிறம் மங்கிவிடுகிறது. இதில் சுரைக்காயும் சேர்க்கலாமா? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: சுரைக்காயைச் சேர்க்க வேண்டாம். சுரை, வெள்ளரி, பீர்க்கு ஆகிய கொடிக்காய்களில் குக்குர்பிட்டாசின் என்னும் நச்சுத்தன்மையுள்ள கசப்புப் பொருள் சில வேளைகளில் மிகுந்துவிடும். வேகவைத்தாலும் அது முறியாது. முறிவு மருந்தும் இல்லை. 2010-இல் டெல்லியில் ஓர் அறிவியலாளர் சுரைக்காய், பாகற்காய் கலந்த சாற்றைக் குடித்து உயிரிழந்தார். பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு, அரைப்பதற்கு முன் ஒரு துண்டைச் சுவைத்துப் பார்க்க வேண்டும், கசந்தால் எறிந்துவிட வேண்டும், வேறு எந்தச் சாற்றுடனும் சுரைக்காய்ச் சாற்றைக் கலக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. மற்றவற்றின் சுவையில் கசப்பு மறைந்துவிடுமே என்பதுதான் கவலை. சாறு கசந்த நாளில் நீங்கள் செய்ய வேண்டியதும் அதுவே: உப்போ தேனோ சேர்த்துச் சரிக்கட்டாமல், கீழே கொட்டிவிடுங்கள். குடித்த பின் வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வெள்ளரிக்காயில் கசப்பு பெரும்பாலும் காம்புப் பக்கத்திலும் தோலிலும் தங்குகிறது. ஆகவே காம்புப் பக்கம் ஓர் அங்குலம் நறுக்கி நீக்கிவிட்டு, அடுத்த வில்லையை வாயிலிட்டுப் பார்த்த பிறகே அரைக்கத் தொடங்குங்கள்.

பச்சை வாடைக்குக் காரணம் பெரும்பாலும் கீரையின் அளவுதான். இரண்டு தம்ளர் சாற்றுக்கு நடுத்தர வெள்ளரிக்காய் ஒன்று, புதினா இலை பதினைந்து, கொத்தமல்லி ஒரு சிறு கைப்பிடி, விதை நீக்கிய பெருநெல்லிக்காய் ஒன்று போதும். கொத்தமல்லியின் வேர்ப்பகுதியில் மண் ஒட்டியிருக்கும் என்பதால் அதை வெட்டிவிட்டு, ஓடும் நீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். அரை அங்குல இஞ்சியைத் தோல் சீவித் தனியாகத் தட்டிப் பிழிந்து சற்று நேரம் வைத்தால், அடியில் வெள்ளையாக மண்டி படியும். அதை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் இறுத்துச் சேர்த்தால் தொண்டையில் காரம் பிடிக்காது. முதலில் வெள்ளரிக்காயை மட்டும் பானைத் தண்ணீர் விட்டு அரைத்து, இலைகளைக் கடைசியில் போட்டு அரை நிமிடத்துக்குள் நிறுத்திவிடுங்கள். நெடுநேரம் ஓடினால் ஜார் சூடேறி, புதினாவின் மணமே மாறிவிடும். வடிகட்டினால் நார்ச்சத்து போய்விடும்; ஆகவே பிள்ளைகளுக்கு மட்டும் வடிகட்டிக் கொடுத்துவிட்டு, நீங்கள் அப்படியே குடிக்கலாம். திப்பியைச் சப்பாத்தி மாவில் சேர்த்துப் பிசையலாம்.

நிறம் மங்குவதற்குக் காரணம், காயையும் இலைகளையும் அரைக்கும்போது வெளிப்படும் அமிலம் இலைப் பச்சையத்தை மெல்ல மெல்லப் பழுப்புப் பச்சையாக மாற்றுவதே. எலுமிச்சைச் சாறும் அதையே செய்யும். அதனால் அதையும் ஒரு சிட்டிகை இந்துப்பையும் குடிக்கும்போதே சேர்க்க வேண்டும். நேரமாக ஆக வைட்டமின் சி-யும் குறைந்துகொண்டே போவதால், அன்றன்றைக்கு, அந்தந்த வேளைக்கு வேண்டிய அளவே அரைப்பது நல்லது.

பாலக்கீரையைப் பச்சையாக நாள்தோறும் அரைத்துக் குடிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். சிறுநீரகக் கல் உருவாக வழிவகுக்கும் ஆக்சலேட் என்னும் பொருள் அதில் மிகுதி. சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதை அறவே தவிர்ப்பது நல்லது. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள், கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பச்சைச் சாற்றையும் வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.