ஹெட்டை மாற்றினால் மட்டும் டீசல் ஆகிவிடாது

கேள்வி: மாமாவின் பழைய மாடல் விமான எஞ்சின் என்னிடம் இருக்கிறது: என்யா 15 (2.5 சிசி), பேட்டரியில் பிளக்கின் கம்பியைப் பழுக்கவைத்துக் கிளப்பும் 'க்ளோ' வகை. டீசல் ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) போட்டால் பிளக், பேட்டரி எதுவும் வேண்டாம் என்கிறார் வியாபாரி. வாங்கலாமா? – அல்சூர் வாசகர், பெங்களூரு

பதில்: பணம் கொடுக்கும் முன் எஞ்சினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு, ப்ரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது திமிறித் திருப்பித் தள்ள வேண்டும். புஸ்ஸென்று காற்று கசிந்தால் விட்டுவிடுங்கள். டீசலில் அழுத்தம்தான் பற்றவைக்கிறது; தேய்ந்த எஞ்சினுக்கு அந்த அழுத்தம் வராது. வியாபாரி எண்ணெய் விட்டுச் சுற்றிக் காட்டுவார், ஏமாறாதீர்கள். எண்ணெய் தேய்மானத்தை மறைத்துவிடும்.

ஒரு விதிவிலக்கு. என்யாவே 15டி என்று டீசல் எஞ்சினும் செய்தது. உங்களுடையதில் பிளக் ஓட்டை இல்லாமல், ஹெட்டின் உச்சியில் கைப்பிடித் திருகு இருக்கிறதா? அப்படியானால் அது ஏற்கெனவே டீசல். அதற்கு எந்த ஹெட்டும் வாங்க வேண்டாம். திருகு இறுகியிருந்தால் மண்ணெண்ணெயில் ஊறவையுங்கள், குறடு போடாதீர்கள். அதற்கும் புது ஹெட் விற்பவர்கள் இருக்கிறார்கள்.

'எல்லா எஞ்சினுக்கும் பொருந்தும்' என்று விற்கும் ஹெட்டைத் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் எதிர்பிஸ்டன் (திருகை இறுக்கினால் கீழிறங்கி அழுத்தத்தைக் கூட்டும் அடைப்பு) மேலேறி வரும் பிஸ்டனில் இடித்தால் கனெக்டிங் ராடு வளையும்.

பங்க் டீசல் ஆகாது. ஒரு லிட்டருக்கு ஈதர் 350 மில்லி, சாயமில்லாத மண்ணெண்ணெய் 350, சுத்தமான விளக்கெண்ணெய் 280, அமைல் நைட்ரேட் 20. அமைல் நைட்ரைட் வேறு பொருள். பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து வாங்குங்கள். அரை லிட்டர் ஈதருக்குக் கம்பெனி லெட்டர்ஹெட் கேட்டு அலைக்கழிக்கிறார்கள். பொழுதுபோக்குக்கு வாங்குகிறவருக்கு நேர்வழியே இல்லை. அந்த இடைவெளியில்தான் பிளாஸ்டிக் பாட்டிலில் 'ரெடிமேட்' எரிபொருள் விற்கிறார்கள். ஈதர் 35 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி தளர்ந்தால் அது ஆவியாகி, மிஞ்சியது பற்றாது. இறுக்கமான தகர டின்னில், நெருப்பும் சுவிட்சும் இல்லாத இடத்தில் வையுங்கள். பழைய ஈதர் வேண்டாம், அதில் வெடிக்கும் பெராக்சைடு சேரும். எரிபொருள் போகும் சிலிக்கான் குழாய் ஊதிவிடும், நியோப்ரீன் போடுங்கள்.

8x4 (விட்டம் 8 அங்குலம், ஒரு சுற்றில் முன்னேறும் தூரம் 4 அங்குலம்) ப்ரொப்பெல்லரைக் கழற்றி 9x4 மாட்டுங்கள். எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் கூடவே கூடாது. தடித்த கையுறை போட்டுக் கையால் தட்டுங்கள். பாதியில் கெட்டியாக நின்றால் உள்ளே எரிபொருள் தேங்கியிருக்கிறது. பலம் காட்டாமல் திருகைத் தளர்த்தி, எஞ்சினைக் கவிழ்த்து வடியவிடுங்கள். ஓடத் தொடங்கிச் சூடேறியதும் 'டக் டக்' என்று இடித்தால் அழுத்தம் அதிகம்; திருகை எட்டில் ஒரு சுற்று தளர்த்துங்கள். விட்டுவிட்டு வெடித்தால் அதே அளவு இறுக்குங்கள்.