பாறைகள் எப்படிச் சிதைகின்றன? பெங்களூரில் இதை நேரில் பார்க்க முடியுமா?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம்: மகள் ஒன்பதாம் வகுப்பு. பாறைச் சிதைவு இயற்பியல், வேதியியல், உயிரியல் என மூன்று வகை என்று மனப்பாடம் செய்கிறாள், ஆனால் எதுவும் மனதில் பதியவில்லை. பெங்களூரிலேயே காட்ட ஏதாவது இடம் இருக்கிறதா?

தாராளமாக இருக்கிறது. கட்டட அஸ்திவாரத்துக்கு மண் பரிசோதனை செய்வது என் தொழில். இந்த ஊரில் துளை போடும் இடத்திலெல்லாம் என் கைக்கு வருவது சிதைந்த பாறைதான். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூன்று வகைகளையும் மூன்று இடத்தில் தேடாதீர்கள். ஒரே பாறையில் மூன்றும் சேர்ந்தேதான் நடக்கும். விரிசல் விழுந்தால் தண்ணீர் இறங்கும், தண்ணீர் இறங்கினால் கல்லின் கனிமங்கள் மாறும், மாறிய இடத்தில் வேர் நுழையும், வேர் விரிசலை இன்னும் அகலமாக்கும். நம் ஊரைப் பொறுத்தவரை இதில் பெரிய பங்கு தண்ணீருடையது.

லால்பாக்கில் ஆரம்பியுங்கள். கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் அந்த மொட்டைப் பாறையின் வயது சுமார் 300 கோடி ஆண்டு. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் அதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. தீபகற்ப நைஸ் என்பது இந்தப் பாறை வகையின் பெயர். மைசூர் அரசின் நிலவியல் துறையில் இருந்த ஸ்மீத் 1916-ல் வைத்தது. கிட்டத்தில் போய்ப் பாருங்கள், வெளிர் பட்டையும் கருப்புப் பட்டையும் மாறி மாறி ஓடும். வெளிர் பட்டையில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும், கருப்பில் பெரும்பாலும் பயோடைட் என்ற கருப்பு மைக்கா. இந்த மூன்று பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கடைசி வரை தேவைப்படும்.

இந்தக் கல் உருவானது பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில். மேலே இருந்த சுமை கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போனதும் அழுத்தம் விட்டுப்போய் பாறை கொஞ்சம் விரிகிறது. அப்போது மேற்பரப்புக்கு இணையாக விரிசல் ஓடி, வெங்காயச் சருகு போல அடுக்கு அடுக்காக உரியும். பாறை உரிதல் என்று புத்தகத்தில் வருவது இதுதான். லால்பாக்கிலும் துரஹள்ளியிலும் நந்தி மலையிலும் பாறை உருண்டு திரண்டு மொட்டைத் தலையாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உறைபனி பாறையை உடைக்கும் என்றும் புத்தகத்தில் படித்திருப்பாள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருமன் கூடும் என்பது உண்மை. ஆனால் பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரி செல்சியஸ், அதுவும் 1884 ஜனவரியில். அதனால் இங்கே அதைத் தேட வேண்டாம், லடாக் போகும்போது காட்டலாம்.

அப்புறம் வெயில். பகலில் விரிந்து இரவில் சுருங்கிப் பாறை வெடிக்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள், விஷயம் அவ்வளவு எளிதல்ல. கடும் சூடு கல்லைப் பிளக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. பெங்களூரைச் சுற்றி ஒரு காலத்தில் கல் உடைப்பவர்கள் பாறை மேல் விறகு எரித்து, மேல் அடுக்கை விடுவித்து, பலகை பலகையாகக் கல் எடுத்தார்கள். வெயில் அந்த அளவு சூடு தராது. அமெரிக்காவைச் சேர்ந்த டேவிட் கிரிக்ஸ் 1936-ல் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மெருகேற்றிய கிரானைட் துண்டை 89,400 முறை சூடாக்கிக் குளிர வைத்தார். 244 வருடத்துப் பகல் இரவுக்குச் சமம். உலர்ந்த நிலையில் கல்லில் எந்த மாற்றமும் தெரியவில்லை. பிறகு குளிர வைக்கும்போது தண்ணீர் தெளித்தார். இரண்டரை வருடத்துக்குச் சமமான சுற்றுகளிலேயே மெருகு மங்கி விரிசல் விட்டது. பிற்கால ஆய்வுகள் வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் பங்கு தருகின்றன, சரி. இருந்தாலும் தண்ணீர் என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

தண்ணீர் செய்வது வேதியியல். மழைத்துளி காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகத்தான் விழுகிறது. மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து அமிலம் இன்னும் கூடும். அது ஃபெல்ஸ்பாரைக் களிமண்ணாக மாற்றுகிறது, அதிலிருந்த பொட்டாசியமும் சோடியமும் தண்ணீரோடு போய்விடும். கருப்பு மைக்காவில் இருக்கும் இரும்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து துருவாகிறது. பெங்களூர் மண்ணின் சிவப்பு அந்தத் துருவின் நிறம். குவார்ட்ஸ் மட்டும் மசியாது, மணலாக நின்றுவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க, அடித்தளத்துக்குத் தோண்டிய பள்ளத்தை மிஞ்சிய இடம் கிடையாது. அடுக்குமாடிக் கட்டுமானம் நடக்கிற இடத்தில் வேலிக்கு வெளியே நின்று பள்ளத்தின் வெட்டுமுகத்தைப் பாருங்கள், உள்ளே இறங்க வேண்டாம், அந்தச் சுவர் எப்போது வேண்டுமானாலும் சரியும். மேலே ஒரே சிவப்பு மண். கீழே போகப் போகச் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் திட்டுத் திட்டாக. அதற்கும் கீழே வருவதுதான் அதிசயம். லால்பாக்கில் பார்த்த அதே பட்டைகள் அப்படியே தெரியும், பாறை என்றே நினைப்பீர்கள். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். இருந்த இடத்தை விட்டு அசையாமலே, வடிவம் கலையாமலே, கல் மண்ணாகியிருக்கிறது. சிதைவுக்கும் அரிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கேயே சொல்லிக்கொடுத்துவிடலாம். இருக்கும் இடத்திலேயே மக்குவது சிதைவு, மக்கியதைத் தண்ணீரோ காற்றோ கொண்டுபோவது அரிப்பு.

அந்த மக்கிய பாறைக்கு நடுவே சில இடங்களில் உருண்டைக் கற்கள் அப்படியே கெட்டியாக இருக்கும். விரிசல்கள் பாறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும். கட்டத்தின் முனையைத் தண்ணீர் மூன்று பக்கத்திலிருந்து தாக்கும், ஓரத்தை இரண்டு பக்கத்திலிருந்து, முகத்தை ஒரே பக்கத்திலிருந்து. முனை முதலில் மக்குவதால் நடுவில் மிஞ்சுவது உருண்டை. பிறகு சுற்றியுள்ள மண்ணை மழை அடித்துக்கொண்டு போனால் உருண்டைகள் வெளியே வரும். மைசூர் சாலையில் ராமநகரப் பாறைகளைப் பார்த்திருப்பீர்கள், சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள கிரானைட். அங்கே குன்றின் மேல் உட்கார்ந்திருக்கும் குண்டுப் பாறைகள் பலவும் இப்படி உருவானவை. அவற்றை யாரும் உருட்டி ஏற்றவில்லை.

உயிரினச் சிதைவுக்குத் தனியாகப் பயணம் தேவையில்லை. பழைய மதில் விரிசலில் முளைத்த அரசங்கன்று போதும். பாறை மேல் வட்ட வட்டமாக, சாம்பலும் பச்சையுமாகப் படர்ந்திருப்பது லைக்கன். பிரியாணியில் போடும் கல்பாசியும் அந்த இனம்தான், பிள்ளைகளுக்கு அது சட்டென்று பிடித்துவிடும். லைக்கன் சுரக்கும் அமிலம் கனிமங்களை மெல்ல அரிக்கும், இழைகள் மணிகளுக்கு இடையே நுழையும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இது முக்கியம். போர்வெல் போடுபவர்கள் கேசிங் பைப்பை எவ்வளவு ஆழத்துக்கு இறக்குகிறார்கள் என்று கவனியுங்கள். மண்ணும் மக்கிய பாறையும் சரிந்து விழாமலிருக்கத்தான் அந்தக் குழாய். ஆக, அதன் நீளம் ஏறக்குறைய அந்த இடத்தின் சிதைவு அடுக்கின் தடிமன். பெங்களூரின் பழைய கிணறுகளுக்கு நீர் தந்தது இந்த அடுக்கு. மழையை உறிஞ்சி வைத்துக்கொள்வது அதுதான், கீழே இருக்கும் கெட்டிப் பாறையில் விரிசல்களில் மட்டுமே நீர் நிற்கும். அந்த அடுக்கை அடித்தளத்துக்காக வாரி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கான்கிரீட்டால் மூடினால் மழை எங்கே இறங்கும்? மகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய ஒரு சோதனை. பள்ளத்திலிருந்து வெளியே கொட்டிய மக்கிய பாறையில் ஒரு பிடி கேட்டு வாங்கி, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டுக் கலக்கி வையுங்கள். அடியில் சீக்கிரம் தங்குவது குவார்ட்ஸ் மணல். வெளிச்சத்தில் மின்னும் செதில்கள் மைக்கா. அவளிடம் ஃபெல்ஸ்பார் எங்கே என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் தெளியாமல் இருக்கும் அந்தக் கலங்கலைக் காட்டினால் சரியான பதில்.